பெயர் மூடிய கட்டுரை

ஒருவரைக் கொலை செய்யப் புதன்கிழமை காலை பதினொரு மணி நல்ல நேரம். வகுப்பு கிடையாது, கூட்டம் கிடையாது, துறை வராந்தாவில் ஆள் நடமாட்டமும் கிடையாது. பேராசிரியர் அறைக் கதவைச் சாத்தினார். சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். மேசை மேல் கிடந்த பதினான்கு பக்கங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

பாவம், அவற்றுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

ஓர் ஆய்வுக் காலாண்டிதழிலிருந்து வந்திருந்த கட்டுரை அது. அங்கே ஒரு நடைமுறை. கட்டுரை வந்ததும் எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, அந்த விஷயத்தில் கரைகண்ட ஒருவருக்கு அனுப்புவார்கள். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. படித்தவர் 'போடலாம்' என்றால் அச்சேறும். 'வேண்டாம்' என்றால், ஏன் வேண்டாம் என்ற குறிப்போடு எழுதியவருக்கே திரும்பிப் போகும். இருட்டறையில் இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரிதான். என்ன, ஒருவர் கையில் மட்டும் தடி இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தவரே பேராசிரியர்தான். இருபது வருடத்துக்கு முன்னால். பெயரை மட்டும் மறைத்தால் போதாது, தலைப்பையும் மறைக்க வேண்டும், தலைப்பை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஒரு விதி. எத்தனை பெரிய ஆள் எழுதினாலும் விலக்கு கிடையாது என்று இன்னொரு விதி. அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்த ஒரே கொள்கையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. பெயரை மூடு, எழுத்தைப் படி. உண்மையான விமர்சகனுக்கு மூன்று வரி போதும். வைரமா கண்ணாடியா என்று சொல்லிவிடுவான். வகுப்பில் கவிதை கொடுத்தால்கூடக் கவிஞர் பெயர் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டித்தான் கொடுப்பார். மாணவர்கள் அவருக்கு 'ஒட்டுத்தாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது கையில் இருந்த கட்டுரைக்கு மூன்று வரிகூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது வரியிலேயே மூக்கைச் சுளித்தார். ஐந்தாவது பக்கத்தில் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நல்ல கட்டுரை வந்தால் 'போடலாம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். மோசமான கட்டுரை வந்தால்தானே விமர்சகனுக்கு வேலை.

ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதினார்.

'இவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அதைச் சொல்ல இவருக்குப் பதினான்கு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.'

'ஒரு மூத்த விமர்சகரின் புகழ்பெற்ற கொள்கையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, இரவல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். சட்டை முழங்கால் வரை தொங்குகிறது.'

'இளைஞராக இருந்தால் வேறு தொழில் பார்க்கலாம். முதியவராக இருந்தால் ஓய்வெடுக்கலாம்.'

அந்த மூத்த விமர்சகர் யாரென்று அவர் எழுதவில்லை. அடக்கம் காரணம். பன்னிரண்டரைக்குக் குறிப்பு கணினி வழியாகப் போய்ச் சேர்ந்தது. பேராசிரியருக்கு நன்றாகப் பசித்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல வாசிப்பு நடந்தது. வாசிப்பு என்றால், தன் குறிப்பிலிருந்து நாலு வரி, அன்றைக்குக் கொன்ற கட்டுரையிலிருந்து நாலு வரி என்று குரல் மாற்றிப் படித்துக் காட்டுவார். மனைவி சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனை கோரமான வாக்குமூலம் வந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

"இதைக் கேளேன். 'கவிதை என்பது ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு. போனவனின் விலாசத்தைச் சுவரிடம் கேட்காதே.' எப்படி இருக்கு? சுவர்கிட்ட விலாசம் கேக்கறாராம்."

மனைவி சிரிக்கவில்லை. கை பாதியில் நின்றது.

"'சன்னலைத் திற, உள்ளே வரும் வெளிச்சம் உன்னுடையது,'" என்றாள்.

பேராசிரியர் தாளைப் பார்த்தார். அடுத்த வரி அதுதான்.

"நீ எப்ப இதைப் படிச்ச?"

"படிக்கல. அடிச்சேன். நாலு தடவை. நம்ம கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கமாவை மாத்திட்டு வந்து நிப்பீங்க. கமாவுக்காக வரலைன்னு நாலாவது தடவைதான் எனக்கு உறைச்சுது."

"நீ வேற எதையோ நினைச்சுக்கிட்டுப் பேசற."

"ஆறாவது பக்கத்துல ஒரு பூட்டு வரும் பாருங்க. பூட்டுக்கு அப்புறம் ஒரு சாவி. சாவிக்கு ரெண்டு பக்கம்."

ஆறாவது பக்கத்தில் பூட்டு இருந்தது. சாவி எட்டாவது பக்கம் வரைக்கும் போயிற்று.

"உங்க முதல் கட்டுரைங்க இது," என்றாள் மனைவி. "போற எடமெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்களே, அதேதான்."

பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கட்டுரையைப் பற்றி அவர் முப்பத்து நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. 'பெயரை மூடு' கொள்கை பிறந்த இடமே அதுதான் என்று பாடநூல்கள் சொல்லின. ஆனால் அச்சான பிறகு அவர் அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை. தூர தேசத்தில் இருக்கும் பிள்ளை மாதிரி, அது நினைப்பிலேயே வளர்ந்து, அழகாகி, ஆறடி உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"அப்ப அந்த இரவல் சட்டை?" என்றாள் மனைவி. "அது உங்களுதே."

"யாரோ திருடியிருக்காங்க," என்றார் பேராசிரியர்.

சொன்னதும் அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. திருட்டு. அப்படிப் பார்த்தால் இது அவருக்கு நேர்ந்த அவமானம் இல்லை, அவருக்கு இழைக்கப்பட்ட குற்றம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். கட்டுரை அச்சான பழைய பத்திரிகை இன்று எந்த நூலகத்திலும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே பிரதி. அதை மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தார்.

அவர் தலைவராக இருக்கும் துறையின் தற்காலிக விரிவுரையாளருக்கு.

வியாழக்கிழமை காலை அவளை அறைக்குக் கூப்பிட்டார். ஐந்து வருடமாகத் தற்காலிகம். யார் விடுப்பு எடுத்தாலும் அவர் வகுப்பு அவள் தலையில்தான் விழும். கையில் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு, தோளில் திருத்தாத விடைத்தாள் பை.

"உக்காருங்கம்மா. எங்கிட்ட ஒரு பழைய பத்திரிகை வாங்கிட்டுப் போனீங்களே. என்ன ஆச்சு?"

அவள் முகம் மாறியது. பேராசிரியர் அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமா இருக்கு சார்."

"எதுக்கு வாங்கினீங்க?"

"சும்மா. படிக்கத்தான் சார்."

"படிக்க மட்டும்தானா?"

அவள் விடைத்தாள் கட்டின் நூலை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "சார், இப்ப எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ். ரெண்டு மாசத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும். தெரியும்போது கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ளக் கூடாதாம். எவ்வளவு துணிச்சல். அவள் போன கையோடு பேராசிரியர் இதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஆசிரியர் வெளியூர் மாநாட்டில் இருந்தார். எடுத்தது ஒரு பெண் குரல்.

"நேத்து ஒரு குறிப்பு அனுப்பினேன். அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"காலையிலேயே தபால்ல சேத்தாச்சு சார். சிறப்பிதழ் வேலை, அதனால வேகமாப் போயிடுச்சு."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"அது எனக்கே தெரியாது சார். பேரை எடுக்கறது ஒரு செக்ஷன், படிக்க ஆள் பாக்கறது ஒரு செக்ஷன், கவர் அனுப்பறது வேற ஒரு செக்ஷன். ஒருத்தர் பாக்கறது இன்னொருத்தர் கண்ணுல படக் கூடாது. ஏழாவது விதி."

"அதைக் கொஞ்சம் தளர்த்தலாமே."

"முடியாது சார். விதி எழுதினவரு ரொம்பக் கறாரான ஆளாம்."

பேராசிரியர் போனை வைத்தார்.

இனி அவர் முன்னால் இருந்தது நேரான வழி ஒன்று. 'இது என் கட்டுரை, திருடப்பட்டிருக்கிறது' என்று இதழுக்குப் புகார் எழுதலாம். எழுதினால் இதழ்க்காரர்கள் அவருடைய குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பார்கள்: அப்படியானால் இது உங்களுடையது என்று புதன்கிழமை ஏன் தெரியவில்லை? மூன்று வரி போதும் என்று சொல்பவர் பதினான்கு பக்கம் படித்தும் கண்டுபிடிக்கவில்லையா? முழங்கால் வரை தொங்கும் சட்டை யாருடைய அளவு? வருகிற கோடையில் அவருக்கு ஓய்வு. பாராட்டு விழாவுக்கு இப்போதே ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த விழாவில் ஓர் இரவல் சட்டை நடந்து வருவதை நினைத்ததும், புகார் எழுத எடுத்த தாளைத் திரும்ப இழுப்பறையில் வைத்தார்.

திருடியைப் பிடிக்க வேண்டும். ஆனால் திருட்டுப் போனது வெளியே தெரியக் கூடாது. இப்படி ஒரு சிக்கலில் எந்தத் துப்பறிவாளனும் மாட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வழி கிடைத்தது. வழி அவர் மேசைத் தட்டிலேயே ஒரு வாரமாகக் கிடந்தது. அந்த விரிவுரையாளரை நிரந்தரம் செய்வதற்கான கோப்பு. பதினான்காவது கட்டம்: துறைத் தலைவரின் பரிந்துரை. முழுக்க ரகசியம், சம்பந்தப்பட்டவர் கண்ணில் ஒருநாளும் படாது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. இந்த முறை தவறினால் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். பிறகு எந்தக் கல்லூரியிலும் நிரந்தரம் கிடையாது.

பேராசிரியர் எழுதினார்: 'பரிந்துரைக்கவில்லை. ஆய்வு நேர்மை குறித்து ஐயம் உண்டு.'

ஆறே சொல். அவர் எழுதியதிலேயே சுருக்கமான விமர்சனம். உறையில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்து அனுப்பினார்.

வார இறுதி அமைதியாகப் போயிற்று. மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள்: "திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?" "கவனிச்சாச்சு," என்றார் அவர். அவள் அந்தப் பதிலைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. பிறகு அதற்காக வருத்தப்பட்டாள்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குத் தபால் வந்தது. தடித்த உறை. மேலே இதழின் முத்திரை. மனைவிதான் பிரித்தாள். நீதிமன்றத்தில் ஆவணம் படிக்கும் அதே குரலில் படிக்கத் தொடங்கினாள்.

"'மதிப்பிற்குரிய கட்டுரையாளருக்கு. தங்கள் கட்டுரையை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம். துறை வல்லுநர் ஒருவரின் குறிப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவருடைய அறிவுரைகள் தங்கள் எழுத்தை மேம்படுத்த உதவும் என நம்புகிறோம்.'"

"யாருக்கு வந்திருக்கு இது?" என்றார் பேராசிரியர்.

"உங்களுக்குத்தான். விலாசம் நம்ம விலாசம்." அவள் அடுத்த தாளை எடுத்தாள். "'இவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அதைச் சொல்ல இவருக்கு...'"

"போதும்."

"நாலு பக்கம் இருக்குங்க."

"போதும்னேன்."

குறிப்புக்குக் கீழே கட்டுரை இருந்தது. புதிதாகக் கணினியில் அடித்தது. அதற்கும் கீழே, யாரும் பிரித்துப் பார்த்ததற்கான அறிகுறியே இல்லாமல், ஊசி குத்திய ஒரு கடிதம். விரிவுரையாளரின் கையெழுத்து. மனைவி அதையும் படித்தாள். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

'ஐயா, எங்கள் துறைத் தலைவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருடைய முதல் கட்டுரை இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அதை நானே அடித்து அனுப்பியிருக்கிறேன். சிறப்பிதழில் அவர் பெயரிலேயே மறுபடி வெளியிட்டால், விழாவன்று அவர் கையில் கொடுக்கலாம். அதுவரை அவருக்குத் தெரிய வேண்டாம்.'

நடந்தது இவ்வளவுதான். கடிதத்தை ஆசிரியர் பார்த்திருந்தால் நேராக அச்சுக்குப் போயிருக்கும். ஆசிரியர் ஊரில் இல்லை. முதல் செக்ஷன் விதிப்படி பெயரையும் தலைப்பையும் எடுத்தது. இரண்டாவது செக்ஷன் இந்த விஷயத்தில் வல்லுநர் யார் என்று பட்டியலைப் பார்த்தது. இந்தக் கொள்கைக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மூன்றாவது செக்ஷன், வந்த குறிப்பைக் கட்டுரையில் பெயர் இருந்தவரின் விலாசத்துக்கு அனுப்பியது. எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் விலக்கு கிடையாது.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றாள் மனைவி. "பதினாலு பக்கம், பாக்கி வேலையெல்லாம் விட்டுட்டு உக்காந்து அடிச்சிருக்கு. நான் அடிச்சப்ப எனக்காவது ஒரு காரணம் இருந்துது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கறீங்க?"

பேராசிரியர் சொன்னார். பதினான்காவது கட்டத்தில் எழுதிய ஆறு சொல்லையும் சொன்னார்.

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள். வீட்டிலேயே பார்ப்பது முதல் தடவை.

"ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"அஞ்சு."

"செருப்பை மாட்டுங்க."

நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ரகசியப் பிரிவு இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேராசிரியர் உள்ளே நுழைந்தபோது மணி நாலு பத்து. கம்பித் தடுப்புக்குப் பின்னால் கண்காணிப்பாளர் அம்மாள் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"மேடம், வெள்ளிக்கிழமை ஒரு கவர் அனுப்பினேன். அதைத் திருப்பி வாங்கணும்."

"பதிவு பண்ணியாச்சு சார். உள்ள வந்தது வெளிய போகாது."

"அதுல ஒரு தப்பு நடந்திருக்கு."

"அப்ப திருத்தக் குறிப்பு எழுதிக் குடுங்க. கவர் மேல சேத்து வச்சிடறேன். காரணம் எழுதணும். காரணம் இல்லாம மாத்தினா குழு ஏத்துக்காது." ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அஞ்சு மணிக்குப் பெட்டியைப் பூட்டிடுவேன்."

பேராசிரியர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். இதுபோன்ற நேரங்களில் அவர் பேனா தடுமாறியதே இல்லை. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

'வாசிப்புச் சூழலில் நேர்ந்த ஒரு பொருள்கோள் பிறழ்வின் விளைவாக, முன்னர் பதிவான மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.'

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"தப்பு பண்ணினது யாரு சார் இதுல?"

"ஒரு பிறழ்வு நடந்திருக்குன்னு..."

"பிறழ்வு எந்த டிபார்ட்மென்ட் சார்?"

பேராசிரியர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டாவது முயற்சி: 'சில தகவல்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டமையால், முந்தைய பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது.'

கண்காணிப்பாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்து 'சில தகவல்கள்' என்பதன் அடியில் ஒரு கோடு போட்டார். 'புரிந்துகொள்ளப்பட்டமையால்' என்பதன் அடியில் இரண்டு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தாளில் கோடு போட்டவருக்கு, கோடு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"என்ன தகவல், யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டது, ரெண்டுமே இல்ல சார். குழுவுல கேப்பாங்க. பதில் இல்லைன்னா பழைய பரிந்துரைதான் நிக்கும்."

"கொஞ்சம் சங்கடமான விஷயம் மேடம்."

"யாருக்கு சார் சங்கடம்? உங்களுக்கா, இந்தக் கோப்புல இருக்கறவங்களுக்கா?"

மணி நாலு முப்பத்தைந்து. பேராசிரியர் பெஞ்சுக்குத் திரும்பினார். நேர்மை குறித்து ஐயம் உண்டு என்று எழுத ஒரு நிமிடம் ஆகியிருந்தது. இப்போது தாள் அவரைப் பார்த்தபடி கிடந்தது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு சின்னப் பையன் பரீட்சை எழுதுவது போலக் குனிந்து எழுதினார். எழுந்து போய்க் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் வாய்விட்டே படித்தார்.

"'பெயரில்லாமல் வந்த ஒரு கட்டுரையை மோசமானது என்று நான் எழுதினேன். அது நானே எழுதிய கட்டுரை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு அதை இந்த விரிவுரையாளர் திருடிவிட்டார் என்று நினைத்து, விசாரிக்காமல் அவர் நேர்மையைச் சந்தேகித்து எழுதினேன். உண்மையில் அவர் என்னைக் கௌரவிக்கத்தான் அதை அனுப்பினார். நான் செய்த இரண்டும் தவறு. அவரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.'"

கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ரகசியப் பிரிவில் இருபது வருடம் இருந்தால் அப்படித்தான்.

"இது புரியுது சார். ஆனா இதை நாளைக்குக் குழுவுல சத்தமாப் படிப்பாங்க. பதினோரு பேர் உக்காந்திருப்பாங்க. தெரியுமில்ல?"

தெரியும். அந்தப் பதினொரு பேரில் நாலு பேருடைய கட்டுரையை அவர் கொன்றிருக்கிறார்; அவை பிறகு வேறு இதழ்களில் பெயரோடு வந்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. கொன்றது யாரென்று அவர்களுக்கு இதுவரை தெரியாது. நாளைக்கு யோசித்துப் பார்ப்பார்கள்.

"தெரியும்," என்றார் பேராசிரியர். பிறகு கையை நீட்டினார். "ஒரு நிமிஷம். அதைக் குடுங்க."

கண்காணிப்பாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மறுபடியும் சுத்தி வளைக்கப் போறீங்களா சார்? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"இல்ல மேடம். ஒரே ஒரு வரி."

தயக்கத்தோடு கொடுத்தார். பேராசிரியர் 'நான் செய்த இரண்டும் தவறு' என்ற வரியை அடித்தார். மேலே, 'இரண்டாவதாகச் செய்தது தவறு' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

கண்காணிப்பாளர் பார்த்தார். "அப்ப முதல்ல செஞ்சது?"

"அது சரியாத்தான் எழுதியிருக்கேன். வார இறுதியில மறுபடி படிச்சேன் மேடம். கட்டுரை நிஜமாவே மோசம். சாவிக்கு மட்டும் ரெண்டு பக்கம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார்." அவர் தாளை உறையோடு சேர்த்து ஊசி குத்தினார். முத்திரை வைத்தார். பதிவேட்டில் நேரம் எழுதினார். இரும்புப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தால், பேராசிரியர் இன்னும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் என்ன சார்?"

"அதுக்கு ஒரு பிரதி கிடைக்குமா?"

"எதுக்கு?"

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லா வந்திருக்கு."

"ரகசியக் கோப்பு சார். பிரதி கிடையாது," என்று சொல்லிக் கண்காணிப்பாளர் விளக்கை அணைத்தார்.